லயத்து வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து

"அம்மா, இந்த வருஷம் எனக்குப் பிறந்தநாள் பார்ட்டி வைப்பீங்களா?"

தாய்மார்களே, இப்படிக் கேட்காத பிள்ளை இன்று எந்த லயத்தில் இருக்கிறது? பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி வீட்டில் ஸ்பைடர்மேன் கேக் வெட்டினார்களாம். சுவர் முழுக்கச் சிவப்பும் நீலமுமாய்ப் பலூனாம். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முகமூடி கொடுத்தார்களாம். பிள்ளை கண்கள் விரிய இதைச் சொல்கிறது. நீங்கள் கணவரின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அவர் நாள்காட்டியைப் பார்க்கிறார், சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று.

நம் வீட்டுக் கணக்கை நாமே பேசிக்கொள்வதில் வெட்கம் இல்லை. தீபகற்பத்தில் 2013-இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஏறியிருக்கிறது, உண்மைதான். அரிசியும் எண்ணெயும் பள்ளி வேனும் ஏறாமலா இருக்கின்றன? இந்த நிலையில் ஒரு பெரிய கேக்குக்கே நூறு வெள்ளியைக் கொட்டி, மீதியைக் கடையில் 'எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தால், பிள்ளைக்கு வயது ஒன்று கூடும். நமக்குக் கடன் ஒன்று கூடும்.

அதற்காகப் பிள்ளையிடம் "நமக்கெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிடலாமா? வேண்டாம். அந்த ஒரு வார்த்தை பிள்ளையின் மனத்தில் நெடுநாள் தங்கிவிடும். கேமரன் மலையில் குடியிருக்கும் நமக்குப் பட்டணத்துக் கடைகளில் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

தலைப்பு வைத்து விருந்து

இப்போது 'தீம்' என்கிறார்கள். நாம் தலைப்பு என்றே சொல்வோமே. ஏதாவது ஒன்றைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, அழைப்பு, அலங்காரம், கேக், விளையாட்டு எல்லாவற்றையும் அதைச் சுற்றியே அமைப்பது. கடைக்காரர்கள் இதைப் பெட்டி கட்டி விற்கிறார்கள்: தட்டு, குவளை, கொடி, தொப்பி எல்லாவற்றிலும் ஒரே பொம்மையின் படம். விருந்து முடிந்ததும் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஆனால் தலைப்பைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? ஊரெல்லாம் காரேறி வந்து, படம் பிடித்துக்கொண்டு போகும் மலையில் அல்லவா நாம் இருக்கிறோம்! நம் வாசலில் நின்று பார்த்தால் நாலு தலைப்பாவது கண்ணில் படும்.

முதலாவது தேயிலை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. அந்தக் காலம் தொட்டு நம்மவர்களின் விரல்கள்தாம் இந்த மலையில் கொழுந்து கிள்ளின. இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. விரலால் கிள்ளி, தலைக்குப் பின்னே கூடையில் எறிந்த காட்சியை நம் பிள்ளைகளில் பலர் கண்ணால் கண்டதில்லை. பாட்டிமார்களுக்கு அது விரலிலேயே இருக்கிறது. ஆகவே விருந்துக்குப் பாட்டியைத்தான் கங்காணியாக வைக்க வேண்டும்!

விளையாட்டு இப்படி. பச்சைத் தாளில் இலைக் கொத்துகள் வெட்டிக்கொள்ளுங்கள். சிலவற்றில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கட்டும். சிலவற்றில் மூன்று இலை, சிலவற்றில் முற்றிய பெரிய இலை. அஞ்சடியிலும் வாசலிலும் அவற்றைப் பரப்பிவிடுங்கள். பிள்ளைகள் முதுகில் பழைய துணிப்பையைக் கூடைபோல் கட்டிக்கொண்டு பொறுக்க வேண்டும். நேரம் முடிந்ததும் பாட்டி ஒவ்வொரு பையையும் கவிழ்த்துப் பார்ப்பார். இரண்டு இலை ஒரு மொட்டு மட்டுமே கணக்கு. முற்றிய இலை கலந்திருந்தால் அந்தக் காலத்துக் கங்காணியைப் போலவே ஒரு அதட்டல்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "நிஜமாவே இப்படித்தான் பண்ணுவீங்களா பாட்டி?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது பாட்டியைப் பேசவிடுங்கள். அடுத்த விளையாட்டுக்கு அவசரப்பட வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிக்குத் தம் பிறந்தநாள் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். "அடைமழை பெஞ்ச வருஷம்", "பெரிய தொரை ஊருக்குப் போன வருஷம்" என்றுதான் கணக்கு வைத்திருப்பார்கள். அடையாள அட்டையில் இருப்பது அன்றைக்கு எழுதியவர் போட்ட தேதி. அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், கேக்கில் இன்னொரு மெழுகுவர்த்தியையும் செருகிவிடுங்கள்.

இரண்டாவது தலைப்பு ஆண் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்கும்தான், ஏன் பிடிக்காது? லேண்ட்ரோவர். காய்கறி ஏற்றிக்கொண்டு மண் பாதையில் ஆடி ஆடிப் போகும் பழைய லேண்ட்ரோவர்கள் இந்த மலைக்கே ஓர் அடையாளம் அல்லவா? காய்கறிக் கடையில் காலி அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். மேலும் கீழும் வெட்டிவிட்டால் பிள்ளை உள்ளே நிற்கலாம். பழைய சேலைக் கிழிசலைத் தோள்பட்டையாகக் கட்டுங்கள். முன்விளக்குக்குக் காகிதத் தட்டு போதும். பால் டின் மூடி வேண்டாம், விளிம்பு கையைக் கிழிக்கும். எண் பலகை எழுதும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். பகாங் வண்டிகளுக்குரிய 'சி' எழுத்தும் பக்கத்தில் பிள்ளையின் வயதும். ஏழு வயதுப் பையனின் வண்டி 'சி 7'. பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டினால் முட்டைக்கோசு ஆகிவிடும். அதைப் பெட்டிக்குள் நிரப்பிக்கொண்டு, கீழே சிந்தாமல் வாசலைச் சுற்றி வருபவருக்கே வெற்றி.

வண்ணத்துப்பூச்சி மூன்றாவது. ராஜா புரூக் என்னும் பெரிய வண்ணத்துப்பூச்சி கேமரன் மலைப் பக்கத்தில் வாழ்வது. கறுப்பு இறக்கையில் வரிசையாகப் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு. 1855-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற அறிஞர், சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். கறுப்புத் தாளும் பச்சை வர்ணமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி இறக்கை தயார். நிஜ வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து வரச் சொல்லிவிடாதீர்கள். இந்த இனம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. இன்னொரு எச்சரிக்கை: மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் எல்லாருடைய இறக்கையையும் கழற்றி வைத்துவிடுங்கள். தாள் இறக்கையும் நெருப்பும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இறக்கை கட்டினால் வெட்கப்படுவார்கள். அவர்களுக்குத் துப்பறியும் விருந்து வையுங்கள். நம் மலைக்கே உரிய மர்மக் கதை ஒன்று இருக்கிறதே! 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தானா ராத்தா பக்கத்தில் 'மூன்லைட்' என்ற பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். பிற்பகலில் வெளியே நடந்து போனவர் திரும்பவே இல்லை. போலீஸும் படையினரும் பூர்வகுடி மக்களும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் துப்பு துலங்கவில்லை. இன்றுவரை அது மர்மமே. இந்தக் கதையை மெதுவாகச் சொல்லித் தொடங்குங்கள். பிறகு சிறு துண்டுத் தாள்களில் விடுகதை எழுதி ஒளித்து வையுங்கள். "மழை வந்தால் விரிவேன், வெயில் வந்தால் மூலையில் கிடப்பேன்" என்றால் குடைக்குள் அடுத்த தாள். கடைசித் தாள் கேக் இருக்கும் இடத்தைக் காட்டட்டும். தேடும் எல்லையை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். லயத்து வாசலைத் தாண்டக் கூடாது. தேயிலைச் செடிக்குள்ளோ மருந்துக் கொட்டகைப் பக்கமோ ஓடைக்கோ போகவே கூடாது. தொலைந்து போனவரின் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தொலைத்துவிடாதீர்கள்!

அடுப்படியில்

அடுப்பு சூளை இல்லையே, கேக் எப்படி என்று கேட்பீர்கள். ஆவியில் வேகும் கேக் இருக்கிறதே. நான்கு முட்டை, ஒரு கிண்ணம் சீனி, ஒன்றரைக் கிண்ணம் கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைக் கிண்ணம் ஐஸ்கிரீம் சோடா. முட்டையையும் சீனியையும் வெளுத்துக் கெட்டியாகும்வரை அடியுங்கள். கை வலிக்கும். கணவரையும் கூப்பிடுங்கள், அவருக்கும் பிள்ளைதானே! சலித்த மாவையும் சோடாவையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, அடிக்காமல் மெல்லக் கலக்குங்கள். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்கும் பானைக்குள் வையுங்கள். மூடிக்கு உட்புறம் துணி கட்டினால் ஆவித் தண்ணீர் கேக்கின்மேல் சொட்டாது.

கீழ்நாட்டில் இருக்கும் தங்கை சொன்ன நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர். உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். கீழே 100 பாகையில் கொதிப்பது இங்கே சுமார் 95-இலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, சூடு குறைவு. ஆகவே அவள் அரைமணி என்றால் நீங்கள் இன்னும் ஐந்து பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. நடுவே மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் கேக் அமுங்கிவிடும்.

தேயிலைத் தலைப்புக்கு இந்தக் கேக்கை மலையாக்குவது எளிது. தேங்காய்த் துருவலில் பாண்டான் இலைச் சாற்றைப் பிசறி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆவியில் காட்டி எடுங்கள். பச்சைத் துருவலைவிட இது சற்று நேரம் தாங்கும். ஆனாலும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். கேக்கின்மேல் ஜாம் தடவி, துருவலைத் தூவி, கரண்டிக் காம்பால் வளைந்து வளைந்து கோடு இழுத்தால் சுங்கை பலாஸ் மலைச்சரிவு கேக்கில் வந்து உட்கார்ந்துவிடும். பாதைக்குப் பிஸ்கட் தூள். பாதை ஓரத்தில் ஒரு பொம்மை வண்டி. இதைப் பார்த்த பிள்ளை ஸ்பைடர்மேனைக் கேட்குமா என்று பாருங்கள்.

அடுத்து அகார் அகார். கடற்பாசியில் எடுப்பது. இதை ஏன் விசேஷமாகச் சொல்கிறேன் என்றால், கடையில் விற்கும் சில ஜெல்லிகளில் ஜெலட்டின் சேர்ந்திருக்கும். அது மாடு, பன்றி முதலிய விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. பிள்ளையின் பள்ளித் தோழர்களில் மலாய்க்காரப் பிள்ளை இருக்கலாம், மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். அகார் அகார் என்றால் எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒருவரையும் ஒதுக்கி உட்கார வைக்க வேண்டாம். குளிர்பெட்டியும் தேவையில்லை. நம் மலைக் குளிரே அதை உறைய வைத்துவிடும். இரண்டு நிறத்தில் அடுக்க வேண்டுமானால், முதல் அடுக்கு முழுக்கக் காய்ந்து போகுமுன், தொட்டால் விரலில் இலேசாக ஒட்டும் பதத்தில் அடுத்ததைச் சூடாக ஊற்றுங்கள். காயவிட்டு ஊற்றினால் வெட்டும்போது இரண்டும் பிரிந்து வரும்.

மற்றபடி பிரட்டிய மீகூன், கறிபாப், சிராப் தண்ணீர். போதும். சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தால் வறுத்த கச்சான் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெடித்த பலூன் துண்டுகளும் அப்படித்தான். வெடித்தவுடனே பொறுக்கிவிடுங்கள்.

பரிசுப் பொட்டலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதியே விடுகிறேன்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. எங்கள் தோட்டத்தில் கிராணி ஒருவர் வீட்டில் பிறந்தநாள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் சிலரையும் அழைத்திருந்தார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா கடையில் கடன் சொல்லி ஒரு சவர்க்காரம் வாங்கி, பழைய நாள்காட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தார். எவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தார் தெரியுமா? மலைப்படம் வெளியே தெரிகிற மாதிரி. கேக் வெட்டி முடிந்ததும், எல்லார் முன்னிலையிலும் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பொம்மை, பென்சில் பெட்டி, சட்டை. பிறகு என் சவர்க்காரம். "இது யாரு குடுத்தது? எங்களைக் குளிக்கச் சொல்றியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ரொம்பப் பிடிச்சிருந்ததாம்" என்று சொன்னேன்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. பரிசுகளை விருந்தினர் எதிரில் பிரிக்காதீர்கள். அதைவிட நல்லது, அழைக்கும்போதே "பரிசு வேண்டாம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுவது. வாயால் சொன்னால் முறைக்குச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். அழைப்புத் தாளிலேயே எழுதுங்கள். ஏதாவது கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் தலைப்புக்குப் பொருத்தமாக ஒன்றைக் கேளுங்கள்: ஆளுக்கொரு விதமான இலை, அல்லது தானே வரைந்த ஒரு வண்டிப் படம். அவற்றையெல்லாம் ஒரு புத்தகத்தில் ஒட்டி வைத்தால் அந்த வருஷத்துப் பரிசு அதுதான்.

யாரை அழைப்பது என்பதிலும் ஒரு சொல். பட்டணத்தில் பத்துப் பேரைப் பொறுக்கி அழைத்தால் மற்றவர்களுக்குத் தெரியாது. லயத்தில் அப்படி முடியுமா? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு, இந்தப் பக்கம் பலூன் ஊதும் சத்தம் கேட்குமே! ஆகையால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அழையுங்கள். கட்டுப்படி ஆகவில்லையென்றால் மீகூனை விட்டுவிடுங்கள், பிள்ளையை விடாதீர்கள்.

நாள், ஞாயிற்றுக்கிழமை. நேரம், காலை பத்து மணி. பிற்பகல் என்று வைத்தால் மழை பிடித்துக்கொள்ளும் மலை இது. ஈப்போவிலிருந்து அத்தை மாமா வருவதாக இருந்தால் சனிக்கிழமையே வந்து தங்கச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறை ஞாயிறுகளில் கீயா பார்ம், பிரிஞ்சாங் பக்கம் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டால், அவர்கள் வந்து சேரும்போது கேக் தீர்ந்திருக்கும்.

விளக்கா, மெழுகுவர்த்தியா?

வீட்டுப் பெரியவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். "நல்ல நாளும் அதுவுமாக வெளிச்சத்தை ஊதி அணைக்கிறதாவது?" நியாயமான கேள்விதான். மெழுகுவர்த்தி வைக்கும் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இருந்திருக்கிறது. நமக்கு வந்த வழக்கம், நாம் படைத்தது அல்ல. உலகமெங்கும் பாடும் பிறந்தநாள் பாட்டின் மெட்டுகூட, 1893-இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் காலை வணக்கம் சொல்ல ஹில் சகோதரிகள் இருவர் வெளியிட்டது. அவர்களில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவரின் பெயர் பாட்டி ஹில். பாட்டி என்பது அவர் பெயர்தான், வயது அல்ல!

என்னைக் கேட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, மாரியம்மன் கோயிலில் பிள்ளையின் நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை. விருந்து தொடங்கும்போது பிள்ளையின் கையாலேயே குத்துவிளக்கை ஏற்றச் செய்யுங்கள். அது எரிந்துகொண்டே இருக்கட்டும். கேக்கில் உள்ளதைப் பிள்ளை ஊதிக்கொள்ளட்டும். பாட்டிக்கும் திருப்தி, பேரனுக்கும் திருப்தி.

பன்னிரண்டாவது பிறந்தநாள் வரும் வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு மைகாட் எடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். பத்திரத்தில் பெயரோ தேதியோ தவறாக இருந்தாலும், பத்திரமே இல்லாவிட்டாலும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாமே கஷ்டம் என்பதைத் தோட்டத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருந்து முடிந்த பிறகு, நாலைந்து தட்டுகளில் பலகாரத்தை எடுத்து வையுங்கள். பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் நேப்பாள, வங்காளதேசத் தம்பிமார்களுக்கு. அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் பிறந்தநாளைத் தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். தட்டை உங்கள் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

அட்டைப் பெட்டி வண்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த மாதம் கடைசி வீட்டுப் பையனுக்கு ஐந்து வயது ஆகிறது. எண்ணை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.